ஆரம்பித்துவைத்த ஆறு வேலைகள்

அன்று அச்சகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி, டிரெடில் மெஷினை மிதிக்கும் அண்ணன், எழுத்துக் கோர்க்கிற நான், அப்புறம் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வந்து பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்ட மீன்காரம்மா. ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் பழியை அவர்மேல் போட்டிருப்பேன்.

எழுபதுகளின் கடைசி அது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்குக் காரைக்காலில் கிடைத்த கௌரவமான உத்தியோகம் அச்சுக்கோர்ப்பது. தலத்தெருவிலிருந்து சைக்கிளை எடுக்கும்போதே பயம் தொடங்கிவிடும். இன்றைக்கு யார் வந்து, என் வேலை என்னாச்சு என்று கேட்கப்போகிறார்களோ? வருகிற ஆர்டர்களைச் சீட்டில் எழுதிக் கம்பியில் குத்திவைப்பது என் பொறுப்பு. கம்பி நிறைய நிறைய பயமும் ஏறும்.

அதற்கு நானே ஒரு மருந்து கண்டுபிடித்தேன். எந்தச் சீட்டு வந்தாலும் அன்றைக்கே அதில் நாலு வரி கோர்த்து, கயிற்றால் கட்டி, ஒரு தட்டில் வைத்துவிடுவது. யார் கேட்டாலும் தைரியமாக, "ஆரம்பிச்சாச்சுங்க" என்று சொல்லலாம். பொய்யே கிடையாது. சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியாரிடம் சொல்லவேண்டிய அவசியமில்லாத பதில்.

அந்த வாரம் அப்படி ஆரம்பித்து நின்றவை ஆறு. சுரக்குடி அரிசி மில்லின் ரசீதுப் புத்தகம், சர்ச்சில் முதன்முறை நற்கருணை வாங்கும் ஒரு பிள்ளைக்குப் புதுநன்மை அட்டை, திருவிழா நோட்டீஸ், ஒரு நினைவுநாள் அட்டை, ஜவுளிக்கடை விளம்பரம், மீன்காரம்மா மகளின் கல்யாணப் பத்திரிகை. எங்களிடம் அந்த அளவில் ஈய எழுத்து ஒரே ஒரு செட்தான். ஒரு வேலையை அச்சடித்து முடித்துப் பிரித்தால்தான் எழுத்து பெட்டிக்குத் திரும்பும். நான் எதையும் முடித்தால்தானே?

"பத்திரிகை ஆச்சா தம்பி?" என்றார் மீன்காரம்மா.

"ஆரம்பிச்சாச்சுக்கா."

"போன வாரமும் அதான் சொன்ன. ஆரம்பிச்சதை வச்சு நான் யாருக்கு வெத்தல பாக்கு வைக்கிறது?"

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அவருடைய தம்பி, பெண்ணின் தாய்மாமன், கடலூரில் மீன்பிடித் தொழில் பார்த்தார். அக்காவோடு மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. தன் பெயர் மேலே போட்ட பத்திரிகையை அக்காவே கொண்டுவந்து கையில் கொடுத்தால்தான் வருவேன், வாய்வார்த்தைக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் காலை அவர் இராமேசுவரம் பக்கம் கிளம்புகிறார். போனால் திரும்ப மாதமாகும். மாமன் இல்லாமல் பெண்ணை மணையில் உட்காரவைத்தால் ஊர் சும்மா இருக்குமா? மீன்காரம்மா இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

கோர்க்க உட்கார்ந்தேன். மாமன் பெயரை எட்டுவதற்குள் 'ம்' தீர்ந்துவிட்டது. பெட்டியின் குழியை விரலால் துழாவினேன். கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்தேன்.

"எங்கடா போச்சு எல்லாம்?" என்றார் முதலாளி.

"இங்கதான் இருக்குங்க முதலாளி. ஆறு தட்டுலயும்."

மிதிக்க வேலையில்லாமல் நின்ற அண்ணன் சிரித்தார். "ஆறு பொண்ணுக்கும் நிச்சயம் பண்ணிட்டான். ஒருத்தி கழுத்துலயும் தாலி ஏறல."

"ஒண்ணைப் பிரி. எதைன்னு நீயே சொல்லு" என்றார் முதலாளி.

அதைத்தானே நான் வாழ்நாளெல்லாம் தவிர்த்துவந்தேன்! எதைச் சொன்னாலும் அந்த வேலையைக் கொடுத்தவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். "எல்லாத்துலேர்ந்தும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கவா முதலாளி?" என்று கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏந்தம்பி, ஆறு கூடையிலேர்ந்தும் ஒவ்வொரு மீனா வித்தா எந்தக் கூடைய்யா காலியாவும்?" என்றார் மீன்காரம்மா.

கண்ணை மூடிக்கொண்டு ரசீதுப் புத்தகத்தைச் சொன்னேன். மில்காரர் ஆறடி உயரம். தட்டில் எழுத்தைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கும்போது அவருடைய கைதான் கண்ணுக்குள் நின்றது.

மணி பன்னிரண்டு. பத்திரிகையின் கீழே சொந்தக்காரர்கள் முப்பது பேரின் பட்டியல் பாக்கி இருந்தது. "இதைக் கோர்க்கச் சாயங்காலம் ஆயிடும்க்கா" என்றேன், அழாக்குறையாக.

"இப்ப யாரு முப்பது பேரைக் கேட்டா? பொண்ணு, மாப்ள, தேதி, இடம். மேல என் தம்பி பேரு. அவ்வளவுதான். அதுல இருபத்தஞ்சு அடிச்சுக் குடு. மத்தவனுவளை நாளைக்குச் சேத்துக்க."

"அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களாக்கா?"

"கடலூர்ல அவனுவள்ல யாரு இருக்கா?"

அண்ணன் மிதித்தார். மை காய்வதற்குள் அட்டைகளை இரண்டு கையிலும் விசிறிபோல் விரித்துப் பிடித்து ஊதிக்கொண்டே மீன்காரம்மா பஸ்ஸுக்கு ஓடினார். மறுநாள் முப்பது பெயரையும் சேர்த்து எழுபத்தைந்து அடித்துக் கொடுத்தோம். அவற்றுக்கும் முதல் இருபத்தைந்துக்கும் கையோடு காசு வந்துவிட்டது. மொத்த ஆர்டர் நூற்றைம்பதில் மீதி ஐம்பது மார்க்கெட் பெண்களுக்கு. அட்டை தீர்ந்துபோனதால், கும்பகோணத்திலிருந்து அட்டை வந்ததும் அடிப்பதாகப் பேச்சு.

மில்காரர் வந்தார். அவருடைய ரசீதுப் புத்தகத்தைப் பிரித்துவிட்ட உண்மையைச் சொன்னேன். "அதுக்கென்ன, இருக்கிற புத்தகமே அறுவடை வரைக்கும் வருமே" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார். அதில் எனக்குத் தலைகால் புரியாத தெம்பு. சும்மா இருந்தேனா? எழுத்தை அடைத்துவைப்பதுதான் குற்றம் என்று புரிந்துவிட்ட ஞானியாக, முதல் காரியமாகக் கல்யாணப் பத்திரிகையைப் பிரித்துப் பெட்டியில் போட்டேன். அட்டை வந்து இறங்கிய பிறகுதான், இன்னும் ஐம்பது அடிக்க வேண்டியது ஞாபகத்துக்கு வந்தது. முப்பது பெயரையும் மறுபடி முதலிலிருந்து கோர்த்தேன்.

கல்யாணத்துக்கு மாமன் வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் நானே பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து எடுத்துப் பக்கத்து இலைக்காரருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஐம்பது பத்திரிகையை நான் கோட்டுச்சேரிமேட்டுக்குக் கொண்டுபோனது அதற்கு மூன்றாம் நாள்.

மீன்காரம்மா பத்திரிகைக் கட்டை வாங்கிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "பொண்ணு மறுவீடே வந்துட்டு போயிட்டா. இதுக்குக் காசு வேற கேப்பியா?"

இல்லை என்பதுபோல் நானே தலையாட்டிவிட்டேன். முதலாளியிடம், அப்புறம் தருவதாகச் சொன்னார்கள் என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மார்க்கெட்டில் எதிரே பார்த்தும் கேட்க வாய் வரவில்லை. மீன்காரம்மா பேரில் பாக்கி பதினைந்து ரூபாய்.