பட்டை உரலும் மேன்மையுள்ள ஸ்திரீகள் தினமும்

"என் பள்ளிக்கூடத்துல கால் வச்ச பொண்ணு ஒருத்திகூட அஞ்சாவது முடிக்காம தோல் ஷாப்பு வாசல மிதிக்க மாட்டா. நான் உசுரோட இருக்கற வரைக்கும்."

1929ஆம் ஆண்டு, வேலூரில் கூடிய மிஷன் உபாத்தியாயர் மாநாட்டில், காப்பி வருவதற்குச் சற்று முன்பு இப்படிப் பிரகடனம் செய்தவர் கிருபை சௌந்தரம் அம்மையார். ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவில் இருந்த ஓட்டுக் கட்டடம் ஒன்றுக்கு அவர் தலைமை ஆசிரியை. அங்கே வேறு ஆசிரியையே இல்லாததால் தலைமைக்குப் போட்டியும் இல்லை. பிரகடனத்துக்குப் பலத்த கைதட்டல் கிடைத்தது. அது காப்பித் தவலை உள்ளே வந்ததற்கான கைதட்டல் என்று பொறாமைக்காரர்கள் சிலர் பிற்பாடு சொன்னார்கள். அவர்கள் பேச்சை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அம்மையார் பிறந்தது ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில். தகப்பனார் தானியேல், எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டும் என்பதை ஒரு நெம்புகோலை இழுத்துத் தீர்மானிக்கிற பாயிண்ட்ஸ்மேன். மனிதர்களையும் அப்படியே இழுத்துத் திருப்பிவிடலாம் என்ற நம்பிக்கை மகளுக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. பத்தொன்பது வயதில் புருஷனைக் காலராவுக்குக் கொடுத்தார். உபாத்தியாயர்களைப் பயிற்றும் போதனா முறைப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தார். 1921இல் ஆம்பூருக்கு வந்து சேர்ந்தார். ஊரின் நாற்றத்தைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. மூக்குப் பழகுவதற்கு மூன்று மாதம் ஆகும் என்பார். மற்றவற்றுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

தினம் காலையில் அம்மையார் கறுப்புக் குடை ஒன்றோடு தெருத் தெருவாகப் போவார். அந்தக் குடை மழைக்கும் வெயிலுக்கும் ஆனதல்ல. பாயில் படுத்துக்கொண்டு வயிற்று வலி என்று சொல்லும் பெண்பிள்ளைகளைத் தட்டி எழுப்புவதற்கானது. தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் தம்பியையும் கொண்டுவா என்பார். இதனால் பள்ளி உத்தரத்தில் எப்போதும் ஏழெட்டுத் தூளிகள் தொங்கும். ஒருமுறை சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டரம்மா அண்ணாந்து பார்த்து, இவர்கள் எந்த வகுப்பு என்று கேட்டார்.

"சேர்க்கைக்குக் காத்திருக்கிறவர்கள்," என்றார் அம்மையார், சிரிக்காமல்.

வீட்டில் அகப்படாத பிள்ளைகளை ஷாப்புக்குள்ளேயே போய் இழுத்து வருவதும் உண்டு. அங்கே பெண்களுக்குப் பட்டை இடிக்கிற வேலை. ஆவாரம்பட்டையை இடித்துத் தண்ணீரில் ஊறப்போட்டால்தான் தோல் பதமாகும். ஓர் உரலுக்கு இரண்டு பேர், மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். ஒருத்தி வராவிட்டால் அவள் ஜோடிக்கும் அன்று வேலை இல்லை. உரலில் உள்ள இடம் வீட்டுக்கு வீடு வருவது. அம்மா நின்ற இடத்தில் மகள் நிற்கலாம், அசலார் நிற்கக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று தெரியாது. கவர்னர் துரை போட்ட சட்டங்களைவிட ஒழுங்காக நடந்துவந்தது.

மேஸ்திரி கோவிந்தசாமி ஷாப்பில் ஆள் சேர்ப்பவர். அம்மையாரின் குடையை மூன்று தடவை உரல்களுக்கு நடுவில் பார்த்தவர். மூன்றாம் தடவைக்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பெண்களைச் சேர்ப்பதையே அவர் விட்டுவிட்டார்.

"இன்னாத்துக்கு பேஜாரு," என்று சொல்வாராம். "போலீஸ் வந்தாகூட பேசி அனுப்பிடலாம். அந்தம்மா வந்தா முடியாது."

பிரகடனம் இப்படி மூன்று வருஷம் பழுதில்லாமல் காப்பாற்றப்பட்டது. அதன் முன்னேற்றத்தை அம்மையார் மிஷனின் மாதப் பத்திரிகைக்குத் தவறாமல் எழுதி அனுப்பினார். "நமது பாடசாலைக்கு இம்மாதம் மூன்று புதிய சிலேட்டுகள் வந்தன. ஒன்று உடைந்திருந்தது. இரண்டுக்காக ஸ்தோத்திரம்." சேதி எழுதுவதில் அவருக்கு இப்படி ஒரு நேர்மை இருந்தது.

1932 ஏப்ரலில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பெண்கள் பாடசாலையும் மேன்மையுள்ள ஸ்திரீகள் தினம் கொண்டாட வேண்டும். மாணவிகள் ஆளுக்கு ஒரு மேன்மையுள்ள ஸ்திரீயைப் பற்றிப் பேச வேண்டும். இன்ஸ்பெக்டரம்மா நேரில் வந்து பார்ப்பார்.

அம்மையார் பட்டியல் போட்டார். ஒருத்தி மகாராணி, காகிதக் கிரீடம். ஒருத்தி சீமையிலிருந்து வந்த டாக்டரம்மா. மூன்று பேர் நர்சு, வெள்ளைத் துணி நிறையக் கிடைத்ததால். நாலாம் வகுப்பு அமிர்தவள்ளியிடம் வந்தபோது மேன்மையுள்ள ஸ்திரீகள் தீர்ந்துபோயிருந்தார்கள்.

"நீ யாரைப் பத்தி பேசற?"

"எங்கம்மாவ, டீச்சர்."

வகுப்பு சிரித்தது. அம்மையார் சிரிக்கவில்லை. அவள் அம்மா எல்லம்மா பட்டை இடிக்கிறவள். புருஷன் கோலார் சுரங்கத்துக்குப் போய் நாலு வருஷம்; கடுதாசு இல்லை. வீட்டில் இன்னும் இரண்டு சின்னதுகள். மூத்தவளுக்கு நேராக நின்று பேச வரும், மனக்கணக்கு வரும், வேதப் பாடத்தை ஒருதரம் கேட்டால் ஒப்பிப்பாள். நாலாம் வகுப்பில் அவள் ஒருத்தியைத்தான் அம்மையார் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிவரை அனுப்பிவிடலாம் என்று மனசுக்குள் குறித்து வைத்திருந்தார். இப்போது அவருக்கு ஒரு பெரிய யோசனை உதித்தது. பெரிய யோசனைகள் அவருக்கு அடிக்கடி உதிக்கும். இது கொஞ்சம் கூடுதலாகப் பெரியது. எல்லம்மாவையும் மற்ற தாய்மார்களையும் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைப்பது. ஷாப்பு முதலாளியிடம் அரை நாள் விடுப்புக் கேட்பது.

முதலாளி அஹமது பாஷா சாயபு மரியாதை தெரிந்தவர். நாற்காலி போடச் சொன்னார்.

"பொம்பளைங்களுக்கு மரியாதை பண்றது நல்ல காரியந்தான். போய்ட்டு வரட்டும். மேஸ்திரி, இன்னா சொல்றீங்க?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அன்னிக்கு சுண்ணாம்புக் குழிலேந்து தோல வெளிய ஏத்தறோம் சாயபு. அன்னிக்கே பட்டைத் தண்ணியில எறக்கணும். வெயில் காலம். ஒரு ராத்திரி சும்மா கெடந்தா அழுகிடும்."

"மூணு மணிக்கு அனுப்பிடறேன்," என்றார் அம்மையார். "மிச்சப் பட்டையை வந்து இடிச்சிடுவாங்க. எல்லம்மா வாக்குக் குடுக்கறா."

எல்லம்மா அப்போது அங்கே இல்லை. அவள் சார்பில் வாக்குக் கொடுக்கப்பட்டதை அவளுக்குப் பிற்பாடு தெரிவித்தார்கள்.

விழா நாள் மத்தியானம் ஒன்றரைக்கு எல்லாம் தயார். தோரணம், சொம்பில் பூ, பன்னிரண்டு தாய்மார்கள். கையெல்லாம் பட்டைச் சாயம் ஏறியிருந்ததால் அவர்கள் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா வர வேண்டிய ரயில் ஜோலார்பேட்டையில் நின்றுவிட்டது. இரண்டரை ஆயிற்று. மூன்று ஆயிற்று. மகாராணிக்கு வேர்த்துக் கிரீடம் நனைந்து ஒரு பக்கம் சாய்ந்தது.

எல்லம்மா எழுந்தாள். "டீச்சரம்மா, நான் போறேன். பட்டை அப்டியே கெடக்குது. மேஸ்திரி ஏசுவாரு."

"உக்காரு எல்லம்மா. நீ பூட்டா உன் பொண்ணு யாரைக் காட்டிப் பேசுவா?"

"இல்லம்மா, சொல்லிட்டு வந்துக்கீறோம்…"

"நான் சொல்லிக்கறேன் மேஸ்திரிகிட்ட. உக்காரு."

எல்லம்மாவின் ஜோடி கோவிந்தம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. டீச்சரம்மாவே சொல்லுது. ஒருநாளு மகாராணிகூட உக்காந்துட்டுப் போவலாம்."

எல்லம்மா உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா நாலே முக்காலுக்கு வந்தார். மகாராணி பேசினாள், டாக்டரம்மா பேசினாள், மூன்று நர்சுகளும் ஒரே பேச்சைப் பேசினார்கள். கடைசியில் அமிர்தவள்ளி முன்னால் வந்து, அம்மாவைக் கை காட்டி, நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"எங்க அம்மா பேரு எல்லம்மா. எங்க அம்மா காலையில கஞ்சி குடிக்காம போவாங்க. சாயங்காலம் வந்து எங்களுக்கு ஊத்திட்டு மிச்சம் இருந்தா குடிப்பாங்க. எங்க அம்மா கையில இருக்கற சாயம் கழுவினா போவாது. நான் படிச்சி டீச்சர் ஆவணும்னு எங்க அம்மா சொன்னாங்க."

அவ்வளவுதான் பேச்சு. இன்ஸ்பெக்டரம்மா கைக்குட்டையால் கண்ணைத் தொட்டுக்கொண்டார். எல்லம்மா தலையைக் குனிந்துகொண்டு வாசல் வெயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்புறம் வந்தனோபசாரம், அப்புறம் ஜெபம், அப்புறம் சுண்டல். பெண்கள் ஷாப்புக்கு ஓடியபோது வாசல் பூட்டியிருந்தது.

மறுநாள் காலையில் குழியடியில் கிடந்த தோலைத் தொட்டவன் கையோடு மேல்பக்கம் வழன்று வந்தது. எண்பது தோல் போயிற்று. தோல் விலை விழுந்து பாதி ஷாப்புகள் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வருஷம் அது. மேஸ்திரிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. வாக்குக் கொடுத்தவள் பெயர் தயாராக இருந்தது. எல்லம்மாவுக்கு அந்த ஷாப்பில் மட்டுமல்ல, மேஸ்திரிகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறவர்கள் என்பதால், ஆற்றங்கரையில் எந்த ஷாப்பிலும் இனி வேலை இல்லை.

அம்மையார் குடையோடு சாயபுவைப் பார்க்கப் போனார். நாற்காலி போட்டார்கள்.

"தப்பு என்னுது சாயபு. நான்தான் புடிச்சி உக்கார வச்சேன்."

"தெரியும் அம்மா. உங்களை நான் வேலைய உட்டு எடுக்க முடியாதே," என்றார் சாயபு, நிஜமான வருத்தத்தோடு. "ஆளுங்க சமாசாரம் மேஸ்திரியது. அதுல நான் கை வச்சா நாளைக்கு ஷாப்பு நடக்காது."

அம்மையார் எல்லம்மாவைப் பள்ளிக்குப் பெருக்கும் ஆளாக வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு மிஷனுக்கு எழுதினார். பள்ளியை மாணவிகளே பெருக்குவது நற்பழக்கம் என்று பதில் வந்தது. இரண்டாம் தரம் எழுதினார். முதல் பதிலைப் பார்க்கவும் என்று பதில் வந்தது. தன் சோற்றில் பாதியை அமிர்தவள்ளியிடம் கொடுத்தனுப்பினார். அது அங்கே நாலாகப் பிரிந்தது.

இதற்கு நடுவே மாதப் பத்திரிகை வந்து சேர்ந்தது. விழாச் சேதி முழுப் பக்கத்தில் இருந்தது. அமிர்தவள்ளி அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்கு வாசித்தாள். எல்லம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள், அடுப்பு எரியவில்லை.

"இன்னா எழுதிக்கீது?"

"நீ மேன்மையுள்ள ஸ்திரீயாம்."

"அப்டின்னா?"

"ஒசந்தவ."

"அப்டியா. வேற இன்னா எழுதிக்கீது?"

"சுண்டல் குடுத்தாங்கன்னு எழுதிக்கீது."

"அது நெசந்தான்," என்றாள் எல்லம்மா.

வைகாசி பிறந்த பிறகு ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் எல்லம்மாவும் கோவிந்தம்மாளும் வாசலில் வந்து நின்றார்கள். ஜோடி இல்லாமல் கோவிந்தம்மாளும் ஒரு மாதமாகச் சும்மா இருந்தாள். பேசினது அவள்தான்.

"டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. உரல்ல எடம் இன்னும் எல்லம்மா வூட்டுதுதான். இவள சேக்க மாட்டாராம். பொண்ணு வந்தா நிக்கலாம்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."

கோவிந்தம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா உங்களுக்குப் பயப்படறாரு. சேத்துக்கினா மறுநாளே கொடைய எடுத்துக்கினு அந்தம்மா வந்து நிக்கும், எனக்கு வாணாம்ன்றாரு. அந்தம்மாவே இட்டுக்கினு வந்து உடட்டும், அப்பத்தான் சேப்பேன்றாரு."

அம்மையார் எல்லம்மாவைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற?"

எல்லம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "சின்னதுக்கு நடக்க முடியல டீச்சரம்மா. எழுந்தா உழுது."

 இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லலாம் என்று அம்மையார் வாயைத் திறந்தார். அந்த வாரத்தில் என்ன நடக்கும் என்று தெரியாததால் மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் தெருவில் இரண்டு பேர் ஷாப்பைப் பார்த்து நடந்தார்கள். அம்மையார் குடையை எடுத்துக்கொள்ளவில்லை. அமிர்தவள்ளி தலை வாரிப் பூ வைத்திருந்தாள். வழியில் ஒரு தடவை மட்டும் கேட்டாள்.

"டீச்சர், நான் பாக்கிப் பாடத்த வூட்ல படிச்சிக்கலாமா?"

"படிச்சிக்கலாம்," என்றார் அம்மையார்.

மேஸ்திரி வாசலில் பட்டை வண்டிகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அம்மையாரைக் கண்டதும் இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

"இன்னா டீச்சரம்மா, யார இட்டுக்கினு போவணும்?"

"யாரையும் இல்ல. இவள உட வந்தேன்."

மேஸ்திரி பெண்ணைப் பார்த்தார். ஏளனமாக எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மையாருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இன்னா வயசு?"

"பன்னண்டு," என்றார் அம்மையார். அது பத்து.

"எதுவரிக்கும் படிச்சிக்கீது?"

"நாலாவது."

"போதும் போதும்," என்றார் மேஸ்திரி, அன்பாகவே.

உள்ளே கோவிந்தம்மாள் உரலண்டை தயாராக நின்றிருந்தாள். அமிர்தவள்ளி உலக்கையைத் தூக்கினாள். உலக்கை அவளைவிட ஒரு முழம் உயரம். ஓங்கினால் உரலின் விளிம்பில்தான் விழுந்தது. இரண்டு தரம் அப்படி ஆயிற்று. பக்கத்து உரல்காரிகள் குத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எட்டல டீச்சரம்மா," என்றாள் கோவிந்தம்மாள்.

அம்மையார் சுற்றிலும் பார்த்தார். சுவரோரம் ஒரு தட்டைக் கல் கிடந்தது. இரண்டு கையாலும் புரட்டி, தள்ளி, உரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார். அது ஆடுகிறதா என்று காலால் மிதித்துப் பார்த்தார். ஆடியது. ஓட்டுச் சில்லு ஒன்றை எடுத்து அடியில் செருகினார்.

"இப்ப ஏறு," என்றார்.

அமிர்தவள்ளி ஏறி நின்றாள். எட்டியது.