ஊசியைக் காட்டினால் போதும்

டெய்லர் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அறுபது மெஷின்களுக்கு நடுவே இருபத்தாறு வருடம் கத்திக் கத்திப் பேசிப் பழகியவர். தொழிற்சாலை மூடிய பிறகு ஒரு தையல் பள்ளி அவரை இணையத்தில் பாடம் எடுக்க அழைத்தது. போய் உட்கார்ந்தால், திரை நிறையக் கறுப்புக் கட்டங்கள். முகமும் இல்லை, குரலும் இல்லை.

"பதிலே வராத இடத்துல எவ்வளவு நேரந்தான் பேசுறது?" என்று வீட்டுக்காரரிடம் பொருமினார்.

"முப்பது வருஷமா நான் பதில் பேசாமதானே இருக்கேன், இன்னுமா பழகலை?" என்றார் அவர்.

இருபத்து நான்கு பேரில் பாதிப் பேர் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பள்ளியின் மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒருத்தர் நின்னுட்டாக்கூட வகுப்பை மூடிடுவோம். பாடத்தைப் பதிவு பண்ணின வீடியோவைப் போட்டுவிட்டுட்டா போதும்." அக்காவுக்கு இருந்தது இந்த ஒரு வேலைதான்.

அந்தப் பதற்றத்திலோ என்னவோ, ஒரு செவ்வாய்க்கிழமை சட்டையின் வலக் கையை இடது தோளில் வைத்து, விளக்கம் வேறு சொல்லிக்கொண்டே அரை மணி நேரம் தைத்துவிட்டார். உதறித் தூக்கினால் கை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஐயோ, மானம் போயிற்று!

"ஒருத்தருமா பாக்கலை?" என்று எல்லார் மைக்கையும் திறந்தார்.

"குண்டூசி குத்தும்போதே பாத்துட்டோம்க்கா. கத்தினோம். நீங்கதான் எங்க வாயை அடைச்சு வெச்சிருக்கீங்களே!"

மெஷின் சத்தம் இடைஞ்சல் என்று முதல் நாளே மைக்குகளை அணைத்தது சாட்சாத் அக்காவேதான். சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மறுநாளே சட்டத்தை மாற்றினார். "மைக் திறந்தே இருக்கட்டும். முகத்தைக் காட்ட வேண்டாம், வீட்டைக் காட்ட வேண்டாம். போனை மெஷின் பக்கத்துல சாய்ச்சு வெச்சு ஊசியைக் காட்டுங்க, போதும்."

பன்னிரண்டு ஊசிகள் திரையில் ஏறி இறங்கின. சத்தமென்றால் அப்படியொரு சத்தம்! ஒருத்தி மாமியாரைத் திட்டினாள். இன்னொருத்தி, "மேல் வரிசைக்காரி, உனக்கு நூல் தளர்வா ஓடுது பாரு" என்று அதட்டினாள். அக்காவுக்குப் பழைய இடத்துக்கே திரும்பி வந்ததுபோல இருந்தது.

கடைசிக் கட்டத்துப் பெண் மட்டும் வாயே திறக்கவில்லை. அவள் ஊசி ஓடும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை, பேசிக்கொண்டிருந்த அக்கா சட்டென்று நிறுத்தினார். அறுபதில் ஒன்று நின்றாலும் கண்டுபிடித்துவிடும் காது அது.

"ஒரு மெஷின் ஓடலையே. கடைசி ஆளு, என்னம்மா ஆச்சு? நூல் அறுந்துடுச்சா?"

மற்றவர்களும் மெஷினை நிறுத்தினார்கள். கடைசிக் கட்டத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நூலெல்லாம் அறுந்துபோகலைக்கா. இன்னையோட வகுப்புலேருந்து நின்னுடலாம்னு இருந்தேன். நான் போனா யாருக்காவது தெரியுமான்னு நிறுத்திப் பாத்தேன்."

அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"தெரிஞ்சுதுல்ல?" என்றார். "மெஷினை ஓட்டுடி."