வாசலோடு நின்றுவிட்ட ஷூ

பட்டறையில் அவளுக்கு மாவுக்கட்டு அக்கா என்று பெயர். வைத்தது அங்கே வருகிற பிள்ளைகள். கால் அச்செடுக்க மாவுக்கட்டு போட்டுப் போட்டு, அவள் நகக்கண்ணில் எப்போதும் வெள்ளை ஒட்டியிருக்கும். வீட்டில் மாவு பிசைந்தால், "இது சாப்பிடற மாவுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் கணவன் தட்டில் கை வைப்பான்.

பை தைக்கும் கடையில் இருந்தவள் அவள். நடக்க முடியாத பிள்ளைகளின் காலைத் தாங்கும் ஸ்பிளிண்ட்டுக்குப் பட்டை தைக்க ஆள் வேண்டுமென்று பட்டறையில் கூப்பிட்டார்கள், வந்தாள். பிறகு படித்தாள், பரீட்சையும் எழுதினாள். சூட்டில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் இழுத்துப் போர்த்துவது, சதையை உறுத்தாமல் விளிம்பைத் தேய்ப்பது எல்லாம் கைவந்துவிட்டது. அவள் செய்தது திரும்பி வருவது அபூர்வம்.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியுடையதோ மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பெருமூளை வாதத்தால் கெண்டைக்கால் இறுகி, நுனிக்காலில்தான் நடப்பாள். குதிகாலைத் தரைக்கு இறக்கிக் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளத்தான் முழங்காலுக்குக் கீழேவரை வரும் அந்த ஸ்பிளிண்ட். அதைக் கொண்டு வாலுவுக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று: யார் துணையும் இல்லாமல் குளியலறைக்குப் போய், உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டும். நாலு வயதுத் தம்பிகூடத் தனியாகப் போகிறான் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

பட்டறையில் ஜம்மென்று நடந்தாள். வீட்டில் மல்லாக்க விழுந்தாள். அக்கா முதல் தடவை பட்டையை மாற்றினாள், அடுத்த தடவை உள்ளே மெத்தை வைத்தாள். இப்போது வாலுவின் அம்மா இரண்டு கால் ஸ்பிளிண்ட்டையும் மேசைமேல் வைத்தாள்.

"உங்களக் குறை சொல்லலீங்க. ஆனா இதப் போட்டுக்கோன்னு இனிமே அவகிட்ட கெஞ்ச என்னால ஆகாது."

அக்காவுக்குச் சுருக்கென்றது. மறுபடி போட்டு நடக்க விட்டாள். கோடு கிழித்த மாதிரி நடந்தாள் வாலு.

"இங்க நடக்குற காலு வீட்டுல மட்டும் ஏன்டா மல்லாக்குது?" என்றாள் அக்கா.

"இங்க நடக்குறது உங்க காலு. என் காலப் பாக்கணும்னா வீட்டுக்கு வாங்க," என்றாள் வாலு.

அந்த வார விடுமுறையில் அக்கா அவர்கள் வீட்டுக்குப் போனாள். வாலுவோடு தெருமுனைக்கே வந்து அழைத்துப்போன அம்மா, கதவருகே குனிந்து, பேச்சோடு பேச்சாக மகளின் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஸ்பிளிண்ட்டோடு மட்டும் உள்ளே விட்டாள். யார் வீட்டில்தான் ஷூவோடு உள்ளே போகிறார்கள்? அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

பட்டறையில் வாலுவை அவள் ஷூ இல்லாமல் நடக்கவிட்டதே இல்லை. ஷூவின் குதி கொஞ்சம் உயரம். அந்த உயரத்தில்தான் கால் லேசாக முன்னே சாய்ந்து நின்றது. அது இல்லாவிட்டால் முழங்கால் பின்னால் தள்ளுகிறது, கூடவே ஆளையும் சாய்க்கிறது. போதாததற்கு டைல்ஸ் தரையில் வெறும் பிளாஸ்டிக் வழுக்குகிறது.

"மூணு தடவ காலத்தான் பாத்தேன், வாசலப் பாக்கல," என்றாள் அம்மாவிடம். வாலு பக்கம் திரும்பி, "தப்பு என்னுதுதான் பாப்பா," என்றாள். பெரியவர்கள் யாரும் இதுவரை அவளிடம் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. வாலு கொஞ்சம் கூச்சப்பட்டாள்.

ஷூவின் குதியை அளந்து கொண்டுபோனாள் அக்கா. புதிதாக இன்னொரு ஜோடி ஸ்பிளிண்ட் செய்து, அதே உயரத்துக்கு ரப்பர் ஆப்பு சீவி அதன் குதிக்கடியில் ஒட்டி, வழுக்காத அடித்தோலும் போட்டாள். ஷூவுக்குள் பழைய ஜோடி, வீட்டுக்கு இது. பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் நடக்க வைத்துப் பார்த்துச் சரி என்ற பிறகே வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

வாலு கட்டிலைப் பிடித்து எழுந்தாள். சுவரைத் தொடவில்லை. நடுவில் ஒரு தடவை ஆடினாள், அம்மாவின் கை தானாக நீண்டது. அக்கா அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள். வாலு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

அம்மா ஓடிப்போய்க் கதவில் காது வைத்தாள்.

"ம்மா, நீ அங்கதான் நிக்கிற," என்றது உள்ளேயிருந்து குரல். "அக்கா, அவங்களக் கூட்டிட்டுப் போங்க."

இரண்டு பெண்களும் சத்தம் போடாமல் முன்னறைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.