பாதிக் குளம்பு

என் மேஜையில் ஒரு பாதிக் குளம்பு இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கொட்டாங்கச்சி என்று நினைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். இன்னதென்று தெரிந்ததும் கையை இழுத்துக்கொள்வார்கள். ஒரு குதிரையின் முன்னங்கால் குளம்பை மேலிருந்து கீழாக ரம்பம் போட்டு அறுத்தது. வெளியே கறுத்த ஓடு, உள்ளே எலும்பு. நல்ல குளம்பில் இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இதில் எலும்பு ஓட்டிலிருந்து பிரிந்து, முனை கீழே சரிந்து, பாதத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது. மருமகள் இதைத் தூக்கிப் போடச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். நான் கம்பவுண்டராக இருந்த கால்நடை ஆஸ்பத்திரியின் டாக்டர் அறுத்தது இது. மற்றப் பாதி அவரோடு போயிற்று.

ஆட்சி மாறி, ரூபாய்க்குப் படி அரிசி என்று டீக்கடையெல்லாம் பேச்சாக இருந்த காலம். தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நடுவில் எங்கள் ஊர். ரயிலடியில் ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். டாக்டர் வந்து சேர்ந்த முதல் அறுவடையிலேயே இரண்டு ஜட்காக் குதிரைகள் முன்னங்கால்களை நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நின்று, பிறகு படுத்துச் செத்தன. வண்டிக்காரர்கள் இதை மார்பிடிப்பு என்பார்கள். அந்தப் பெயர்தான் எமன். மார் பிடித்திருக்கிறது என்று நினைத்துத் தோளில் சூடு போடுவார்கள். பிடிப்பு விடட்டும் என்று விரட்டி ஓட்டுவார்கள். ஒவ்வோர் அடிக்கும் உள்ளே எலும்பு பிய்ந்துகொண்டு வரும். "வியாதி ஆரம்பிக்கிறது வயித்துல, வலி குளம்புல, நீங்க சூடு போடறது தோள்லயா?" என்று டாக்டர் ரயிலடியில் நின்று கத்துவார். தொண்டை கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வந்து என்னிடம் வெந்நீர் கேட்பார்.

வயிற்றில் எப்படி ஆரம்பிக்கிறது என்பதை அவர் களம் களமாகச் சைக்கிளில் அலைந்து கண்டுபிடித்தார். அறுவடைக் காலத்தில் சவாரி வந்த வண்டியை யாரும் வெறுமனே அனுப்புவதில்லை. வாயில்லா ஜீவன் களத்துக்கு வந்து வெறும் வயிற்றோடு திரும்பக் கூடாது என்று ஆளுக்கு ஒரு கை புது நெல்லைக் குதிரையின் முன்னால் போடுவார்கள். யாரும் அதிகம் போடுவதில்லை. ஆனால் நாலு களம் போய்வந்த குதிரையின் வயிற்றில் அது மொத்தமாகப் புளித்து, நஞ்சாகிக் குளம்புக்கு இறங்கும். பாசத்தால் வருகிற வியாதியை ஊசி போட்டா நிறுத்த முடியும்?

அதனால் அடுத்த அறுவடைக்கு முன்பே ரயிலடிச் சுவரில் காவிக் கட்டியைக் கரைத்துத் தன் கையாலேயே மூன்று வரி எழுதினார். முதல் வரி 'குதிரைக்கு', அடுத்தது 'புது நெல்', கடைசியில் 'போடாதீர்'. அந்த வருஷம்தான் கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுப்புக்கு இறங்க மறுத்தார்கள். மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள், வரப்பெல்லாம் போலீஸ். எவனோ ஒருவன் பொதுக்கூட்டப் போஸ்டரைக் கொண்டுவந்து சரியாக முதல் வரியின் மேலே ஒட்டிவிட்டுப் போனான். மீதி நின்றது, 'புது நெல் போடாதீர்'. எங்கள் பக்கத்தில் கூலி அளப்பதையும் நெல் போடுவது என்றுதான் சொல்வோம். விடிந்தபோது சுவருக்கு முன்னால் ஐம்பது பேர் அரிவாளோடு நின்றார்கள்.

போலீஸ் வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. டாக்டர் ஸ்டேஷனுக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். "குதிரைக்குங்க, குதிரைக்கு எழுதினது" என்று அவர் மன்றாடினார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "அறுப்பு முடியற வரைக்கும் இந்த ஊர் சுவத்துல நெல்லுங்கிற எழுத்தே வரக் கூடாது, டாக்டர். வீட்டுக்குப் போங்க" என்றார். வாயால் சொல்லலாம் என்று களங்களுக்குப் போனால், மிராசுதார்களுக்கு அவர் கட்சி ஆள், கூலிக்காரர்களுக்கு அவர் சர்க்கார் ஆள். குதிரையைப் பற்றிப் பேச வந்த மனிதனை நம்புவதற்கு அன்று யாருக்கும் மனம் இல்லை.

அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே வண்டிக்காரர் ஒரு பாய். வீட்டில் ஏழு வயிறு, ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரை. குதிரையை எந்தக் களத்திலும் வாய் வைக்க விடமாட்டார். கூலித் தகராறில் சேரியில் அடிபட்டுக் கிடந்தவர்களை மற்ற வண்டிகள் ஏற்றப் பயந்தபோது, அவர்தான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கடைசியில் மிராசுதார்கள் அரைப்படிக்கு ஒப்புக்கொண்டு, அறுப்பு முடிந்து, கூட்டின கூலி கைக்கு வந்த அன்று சேரியே பாயைக் கூப்பிட்டுச் சோறு போட்டது. குதிரைக்கு மாலை போட்டு, வேப்ப மரத்தடியில் கட்டி, ஆளுக்கு ஒரு முறம் நெல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

மறுநாள் மாலை குளம்பு கொதித்தது. பாய் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "போதும் போதும்னு சொன்னேன் டாக்டர். 'எங்க நெல்லு உங்க குதிரைக்குக்கூட ஆவாதா பாய்'னு ஒரு அம்மா கேட்டுச்சு. அதுக்கு மேல நான் என்னன்னு சொல்வேன்?"

யாரால் சொல்ல முடியும்? காலமெல்லாம் தாங்கள் தொட்டது தீட்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள், போராடி வாங்கிய நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அதை வேண்டாம் என்று சொல்கிற வாய் நல்ல வாயாக இருக்க முடியாது.

குதிரையை வாய்க்காலில் இறக்கி, குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தினோம். நெல் போட்ட அதே ஜனங்கள் முறை வைத்து அதைத் தாங்கிப் பிடித்தார்கள். டாக்டர் முழங்கால் சேற்றில் நின்று குளம்புக்கு மேலே நாடியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். எனக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. சில நாளில் எலும்பு பாதத்தைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. பாய் தானே ஊசி போட்டு அதை முடித்துவிடச் சொன்னார். எல்லாம் அடங்கிய பிறகு, "அறுங்க டாக்டர். உள்ளே என்ன இருக்குன்னு எல்லாருக்கும் காட்டுங்க" என்றார். டாக்டர் அறுத்தார். மாற்றல் உத்தரவு வந்து கிளம்பியபோது ஒரு பாதியை என்னிடம் கொடுத்து, "நீங்க இங்க காட்டுங்க, நான் போற இடத்துல காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார். பாய் கடைசிவரை ரயிலடியில் மூட்டை தூக்கினார்.

போன தை மாதம், இப்போது நான் மகனோடு இருக்கும் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வந்த வெள்ளைக் குதிரை மண்டப வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நின்றது. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்க் குளம்பை எடுத்துக்கொண்டு வந்தேன். குதிரைக்காரப் பையன், "மார் பிடிச்சிருக்கு சார், நாலு தெரு நடந்தா விட்டுரும்" என்றான். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா கேசரியைக் கிண்ணத்தோடு அதன் வாயருகே நீட்டினாள். வேண்டாம் என்றேன். "பாவம், வாயில்லா ஜீவன். ஊருக்கே விருந்து, இது மட்டும் பட்டினியா சார்?" என்றாள்.

மேளம் ஆரம்பித்துவிட்டது. குளம்பைத் தூக்கிக் காட்டிக்கொண்டு குதிரைக்கு எதிரே போய் நின்றேன். யாரோ என் தோளைப் பிடித்து, "பெரியவரே, கொஞ்சம் ஓரமா வாங்க, வீடியோல மறைக்குது" என்று மரியாதையாகவே நகர்த்திவிட்டார். குதிரை முன்னங்காலைத் தூக்கி, கீழே வைக்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பையன் கயிற்றைச் சுண்டினான், வைத்தது.