மாடு பூட்டாத நாள்

என் தம்பி அரசப்பன் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் கிரேன் ஓட்டினான். எங்கள் தேர்வாய் கண்டிகையிலிருந்து கம்பெனி வேலைக்குப் போனவர்களில் கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான். கட்டடம் கட்டும்போது மண் சுமக்கப் போனவன், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். யாரும் சொல்லித் தரவில்லை. இதைச் சொல்லாமல் அவனைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது. ஆனால் நான் எழுத வந்தது எமர்ஜென்சி முடிந்த வருஷத்து ஆடி மாதத்தில், பெரியபாளையத்தில், அவன் தன் மூன்று பிள்ளைகளோடு கழித்த ஒரு திங்கட்கிழமையைப் பற்றி.

அந்த வருஷம் தை மாதம் அவன் பெண்டாட்டி சந்திரகலா மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். மூத்தவள் எல்லம்மா இரண்டாம் வகுப்பு. அடுத்தவன் சேகரை அப்போதுதான் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். கடைக்குட்டி பவானிக்கு மூன்று வயது. கும்மிடிப்பூண்டியில் ஒரே அறை வைத்த லைன் வீடு. அவனுக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். பகல் ஷிஃப்ட் வாரங்களில் பவானியைப் பார்த்துக்கொள்ள எல்லம்மா பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டாள். நான் கேட்டபோது, "பக்கத்து ஊட்டுல பாத்துக்கிறாங்கக்கா" என்றான். அது பாதிதான் உண்மை.

பவானியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேகருக்குப் பிறகு பிறந்த ஒரு பெண் குழந்தை தங்கவில்லை. அதனால் பவானி பிறந்ததும் அவளைத் தவிட்டுக்கு விற்றார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். ஒரு முறம் தவிடு கொடுத்து வேறொருத்தி குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வாள். பெற்றவளிடமே வளர விட்டாலும் பேச்சுக்குக் குழந்தை வாங்கினவளுடையது. பெற்றவர்களைத் தேடி வரும் கெடுதல் ஏமாந்து திரும்பிப் போகும் என்று நம்பிக்கை. குழந்தை மூன்று வயது தாண்டியதும் ஆடியில் பெரியபாளையம் பவானி அம்மன் சன்னிதியில் ஒரு படி அரிசி கொடுத்து மீட்பார்கள். வாங்கினவள் குழந்தையைத் தூக்கிப் பெற்றவளின் முந்தானையில் போட வேண்டும். அத்தோடு முடிந்தது.

பவானியை வாங்கியவள் சந்திரகலாவின் அக்கா கெங்கம்மாள். ஊத்துக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கும் அவள் புருஷன் இராமலிங்கத்துக்கும் பிள்ளை இல்லை. நிலம் இருந்தது, கறவை மாடு இருந்தது.

சனிக்கிழமை இராத்திரி எங்கள் வண்டியும் அவர்கள் வண்டியும் ஆரணி ஆற்றங்கரை வேப்பமரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஞாயிற்றுக்கிழமை சேகருக்கும் பவானிக்கும் மொட்டை போட்டோம். நான் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வந்தேன். அப்புறம் அரசப்பன் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்த அரிசியை எடுத்துக்கொண்டு சன்னிதிக்கு முன்னால் போய் நின்றான். கல், நெல் ஒன்று இல்லாமல் அவனே பொறுக்கிய அரிசி. தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். கெங்கம்மாள் பவானியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"தம்பி, ஆம்பள துண்டுல எப்படிப் போடறது? பெத்தவ மடியாச்சே அது."

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் தள்ளினார்கள். அவன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அரிசி முடிச்சோடு திரும்பி வந்துவிட்டான். ஆக, பவானி அன்றைக்கும் கெங்கம்மாளின் பிள்ளையாகவே இருந்தாள்.

அன்று சாயங்காலம் கெங்கம்மாள் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "செவ்வாக்கெழம வண்டி பூட்டறோம். கொழந்தைய நான் இட்டுக்கினு போறேன் தம்பி. நீ வேலைக்குப் போவியா, இத்த பாப்பியா? யோசிச்சிச் சொல்லு."

அவன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

வேண்டுதல் முடிந்த மறுநாள் எங்கள் குடும்பத்தில் மாட்டை நுகத்தில் பூட்டமாட்டார்கள். மாட்டுக்கும் மனுஷருக்கும் அன்றைக்கு ஓய்வு. சமையலைத் தவிர ஒரு வேலையும் கிடையாது. பெரியவர்களுக்கு அது நிம்மதி. பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதைவிடப் பேஜாரு வேறில்லை. இரண்டு நாள் பலூனும் ஊதலும் ராட்டினமும் பார்த்த பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைக்க முடியுமா?

ஆனால் என் தம்பியிடம் பிள்ளைகள் படுத்தவில்லை. விடிந்ததும் மூன்றையும் ஆற்றுக்கு அழைத்துப் போனான். ஆற்றில் தண்ணீர் ஓடவில்லை. மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, சொம்பில் மொண்டு மொண்டு குளிப்பாட்டினான். மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் தடவினான். எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தான். முகத்தில்தான் ஒன்றும் இல்லை. சந்திரகலா போனதிலிருந்தே அப்படித்தான். அழுதிருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

"நாஷ்டா துண்ணுட்டு தூங்குங்க. வெயில் தாழ ராட்டினத்துக்குப் போலாம்" என்றான்.

"சொம்மா சொல்ற நைனா. நேத்தும் இப்படித்தான் டபாய்ச்ச" என்றான் சேகர்.

"இன்னிக்கி டபாய்க்கல."

வண்டிக்கு அடியில் கோணி விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தான். பவானி அவன் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அதனால் அவனும் பக்கத்தில் குனிந்து படுக்க வேண்டும். அவள் தூங்கிய பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு வண்டியின் அச்சைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். கெங்கம்மாள் விசிறிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்திருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. தங்கச்சி செத்ததற்கு அவள் அழுத அழுகையை நான் பார்த்திருக்கிறேன்.

வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் கடைத்தெருவுக்குப் போனோம். அந்த வருஷம் புதிதாகப் பெரிய இரும்பு ராட்டினம் வந்திருந்தது. தொட்டில் ராட்டினத்தைக் கையால் சுற்றுவார்கள். இது மிஷினில் சுற்றியது. பக்கத்துக் கொட்டகையில் தலை மட்டும் இருந்து பேசுகிற பெண் என்று ஒருத்தியை ஒரு மேசைமேல் காட்டினார்கள். முந்தின நாளே அதைப் பார்த்திருந்த சேகர் விடவில்லை.

"நைனா, அந்தத் தல அக்கா எப்படி சோறு துண்ணும்?"

"வாயாலதான்."

"வவுறு இல்லியே. உள்ள போய் எங்க உழும்?"

"வவுறு இல்லன்னா பசியே எடுக்காதுடா. அப்பால எதுக்கு சோறு?"

எல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். இராமலிங்கம், "சகல, ஒன் புள்ள வக்கீலாவான் பாரு" என்றார். அரசப்பனும் சிரிப்பது போல உதட்டை இழுத்தான்.

ராட்டினக்காரன் இரண்டு மொட்டைகளையும் பார்த்துவிட்டு, "ஏறு நைனா ஏறு! தேங்கா ரெண்டும் உருண்டு உழாம கெட்டியா புட்சிக்க!" என்று கத்தினான். நான்கு பேரும் ஒரே பெட்டியில் ஏறினார்கள். பவானி மடியில். நானும் கெங்கம்மாளும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். உச்சியில் ஆள் ஏற்றுவதற்காக ராட்டினம் நின்றது. எல்லம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சேகர் வாயைத் திறந்தபடி இருந்தான். பவானி மட்டும் கீழே எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். என் தம்பி அவளை அணைத்துப் பிடித்திருந்தான். உயரத்தில் உட்கார்வது அவனுக்குத் தினசரி வேலை. ஏறும்போது இருந்த முகத்தோடேயே இறங்கினான்.

"பயந்தியா?" என்று கெங்கம்மாள் குழந்தையைக் கேட்டாள்.

"இல்ல. நைனாதான் பயந்துச்சி. என்ன இறுக்கி இறுக்கிப் புட்சிக்கிச்சி" என்றாள் பவானி.

மரத்தடிக்குத் திரும்பினபோது பொழுது சாயவில்லை. பிள்ளைகள் பசி என்றார்கள். நான் அடுப்பு மூட்டினேன். சமையலுக்குக் கொண்டுவந்த அரிசி எங்கள் வண்டியில் மூட்டையாகவே இருந்தது. எடுக்க எழுந்தேன். அதற்குள் அரசப்பன் அந்தத் துணி முடிச்சை எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டான். சன்னிதிக்குக் கொண்டுபோன அரிசி. முடிச்சை அவிழ்த்தான். பாத்திரத்தில் கொட்டிக் களைந்தான். துணியை உதறி, ஒட்டியிருந்த ஓர் அரிசியையும் உள்ளே போட்டான்.

மீட்கிற அரிசியை யாரும் சமைத்துத் தின்பதில்லை. தின்றால் இனி மீட்கப்போவதில்லை, குழந்தை வாங்கினவளுக்கே என்று அர்த்தம்.

கெங்கம்மாளும் பார்த்துவிட்டாள். "தம்பி, இன்னா செய்ற? அது பவானிக்குக் கொண்டாந்த அரிசியாச்சே?"

"ஆமா அண்ணி. கொழந்தைங்க பசின்னுதுங்க."

"வாயத் தொறந்து சொல்லு தம்பி. நாளைக்கி புடுங்கிக்கினு போயிட்டாள்னு ஊரு என்னப் பேசக் கூடாது."

அவன் உலையில் அரிசியைப் போட்டான். கெங்கம்மாள் தன் வண்டிப் பக்கம் போய் மரத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். முதுகு குலுங்கியது. கேட்டது கிடைத்தவள் அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விறகு பொறுக்கும் சாக்கில் நான் அவனைத் தனியே அழைத்துப் போனேன்.

"டேய் அரசு, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல. இந்த அரிசி போனா போவட்டும், எங்க வண்டியில கீது. நான் முந்தானைய விரிக்கிறேன். பெத்தவ இல்லன்னா அத்தக்காரி மடி ஆவும்னு எங்க மாமியாளே சொல்லிக் கீறாங்க. கொழந்த என்கிட்ட இருக்கட்டும்."

"ஒனக்கு நாலு கீது. ஒன் மாமியா படுத்த படுக்கையா கீது. நீ கழனிக்குப் போனா யார் இத்தத் தூக்குவாங்க? ஒன் பொண்ணுதான் இஸ்கூல உட்டு நிக்கும்."

"நிக்கட்டுமே. இன்னா இப்ப?"

அவன் ஒரு சுள்ளியை ஒடித்துக் கட்டில் சேர்த்தான். "நீ என்னத் தூக்கிக்கினுதானே அஞ்சாவதோட நின்ன? எல்லம்மா பரீட்சயே எழுதலக்கா. வாத்தியார் ஊட்டுக்கே வந்து கேட்டாரு. பவானி அண்ணிகிட்ட பாலும் சோறுமா இருக்கும். இது ரெண்டும் படிக்கும். வேற வழி தெர்ல எனக்கு."

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதை அவன் கணக்கில் வைத்திருக்கிறான் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசியதே இல்லை.

அன்று எல்லோரும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். முந்தின நாள் கறிக்குழம்பு மிச்சம் இருந்தது. பவானி இரண்டாம் தடவை வாங்கித் தின்றாள். கெங்கம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவளுக்கு ஊட்டினாள். அரசப்பன் எதிரில் உட்கார்ந்து, "கொழம்பு தூக்கலா வேணாம் அண்ணி, காரம் தாங்காது" என்றான். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். தூங்கும்போது காதைப் பிடிக்கும். வெந்நீர் ஊற்றினால் அழும், கைபொறுக்கிற சூடு போதும். இடி இடித்தால் பயப்படும், ராட்டினத்துக்குப் பயப்படாது. கெங்கம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை விடியலில் அவர்கள் வண்டி முதலில் கிளம்பியது. மாட்டை இராமலிங்கம் பூட்டப் போனார். "உடு சகல" என்று அரசப்பனே பிடித்துப் பூட்டினான். பவானி கெங்கம்மாளின் மடியில் அரைத்தூக்கத்தில் இருந்தாள்.

"நைனா, நீ ஏறல?"

"பெரிம்மா கூட போம்மா. நைனா வேலைக்குப் போவணும்."

"வேல முட்சிக்கினு வா" என்று சொல்லிவிட்டு அவள் கெங்கம்மாளின் காதைத் தேடிப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். வண்டி மேட்டில் ஏறி ரோட்டைப் பிடித்தது. அவன் கொஞ்ச தூரம் கூடவே நடந்து போய்த் திரும்பி வந்தான்.

எங்கள் வண்டியில் சாமான் ஏற்றுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் கல்லின்மேல் உட்கார்ந்து எல்லம்மாவை முழங்கால்களுக்கு நடுவில் உட்கார வைத்துக்கொண்டான். இரண்டு நாள் சிக்கை எண்ணெய் தொட்டுப் பிரித்து, நேர் வகிடு எடுத்து, இரண்டாகப் பின்ன ஆரம்பித்தான்.

"பாப்பா எப்ப வரும் நைனா?" என்று அவள் கேட்டாள்.

"ஆடாத. வகிடு கோணிக்கும்."

"நாளைக்கி இஸ்கூலா?"

"ஆமா."

"நாளான்னிக்கி?"

"நாளான்னிக்கும்தான்."

அவன் ரிப்பன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டான். இரண்டு பின்னலையும் முன்னால் எடுத்துவிட்டு ஒரே நீளம் இருக்கிறதா என்று பார்த்தான். ஒன்று ஒரு விரல் தாழ்ந்திருந்தது. அதை அவிழ்த்து மறுபடியும் பின்னினான்.