ஊசி நுழையாத ஜெட்

சிவனணைந்தபெருமாளுக்கு மூக்கு நுனியில் கோபம். ஆற்றங்கரை வயல்காட்டில் பிறந்தவர், லாரிக்கு அடியில் கிடந்தே நாற்பது வயதைத் தொட்டவர். மில்லர்புரத்தில் ஒரு ஓலைக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் வண்டிக்கு யோசனை சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவர் கையில் நயினார் அண்ணாச்சியின் பஸ் வந்து மாட்டியதை என்னவென்று சொல்ல!

அது நாற்பத்து மூன்றாம் வருஷம், யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். பாதிப் பேர் வண்டிக்குப் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு, பெட்ரோலுக்குப் பதில் அந்தக் கரிவாயுவில் இருமிக்கொண்டே ஓட்டினார்கள். அண்ணாச்சிக்குத் திருச்செந்தூர் போய்வர இருந்தது ஒரே ஒரு பஸ். கூப்பன் பெட்ரோல் மாதத்தில் இருபது நாளைக்குக்கூடப் போதவில்லை. ஏதாவது வழி பண்ணும்படி பெருமாளிடம் வந்து நின்றார்.

பெருமாள் கார்புரேட்டரைக் கழற்றினார். அதற்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் திருகு உண்டு. அதன் துளை வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். துளையைக் கொஞ்சம் சிறிதாக்கினால் செலவு குறையும். ஆனால் அத்தனை நுணுக்கமாகத் துளைக்க எந்தப் பட்டறையில் ஊசி இருக்கிறது? முத்துக்குத் துளை போடுகிற இனிகோவிடம் போனார். பெருமாள் பழைய துளையை ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தார். இனிகோ அதை மரக்கட்டையில் இறுக்கி, துளையூசியைச் சுழற்றுகிற வில்லை இழுத்து இழுத்து, துளையைச் சரிபார்க்கப் பெருமாள் கொண்டுபோன அளவு ஊசி கச்சிதமாக நுழையும்படி துளைத்துக் கொடுத்தார்.

எட்டு நாள் பெருமாள் பஸ்ஸோடேயே போய்வந்தார். இறங்குகிற இடத்திலெல்லாம் எஞ்சினில் தீப்பொறி போடுகிற பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்ப்பார். காப்பித்தூள் நிறம் என்றால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் உள்ளே வேகிறது. எட்டு நாளும் காப்பித்தூள் நிறம்தான். ஒரு கேலன் பெட்ரோலுக்குப் பத்து மைல் ஓடிய வண்டி பதிமூன்று ஓடியது. இதற்கு மேல் துளையில் கைவைக்கவே கூடாது என்று அண்ணாச்சியிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு, அளவு ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அண்ணாச்சிக்கு மனசு அடங்கவில்லை. அவருடைய அப்பா முத்து வியாபாரி. முத்தில் துளை எவ்வளவு சிறிதோ அவ்வளவு மதிப்பு என்று கேட்டே வளர்ந்த காது. பெருமாளுக்குத் தெரியாமல் ஜெட்டை இனிகோவிடம் கொண்டுபோய், அடைத்துவிட்டு மயிரிழை போகிற அளவுக்குத் துளைக்கச் சொல்லியிருக்கிறார். இனிகோவுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? சந்தோஷமாகத் துளைத்துக் கொடுத்துவிட்டார். மிச்சமாம், பெரிய மிச்சம்!

மூன்றாம் நாள் ஆறுமுகநேரி உப்பளத்துப் பக்கம் பஸ் தும்மியது, கொதித்தது, நின்றுவிட்டது. இரண்டு வால்வு கருகிப் போயிற்று. முப்பது பேர் வெயிலில் நடந்தார்கள். அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். அதுதான் இல்லை. உப்பு ஏஜெண்டிலிருந்து லாரிக்காரன்வரை வீடு வீடாகப் போய், பெருமாள் எஞ்சினைக் கெடுத்துவிட்டான், அவனிடம் வண்டியை விடாதீர்கள் என்று சொல்லிவைத்தார். ஒரே வாரத்தில் கொட்டகை காலி. பாதி வேலையில் நின்ற காரைக்கூடத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பெயர் கெட்ட மெக்கானிக்குக்குக் கஞ்சி எங்கேயிருந்து வரும்?

பெருமாள் நேரே போனார், பஸ்ஸை இழுத்துவந்து போட்டிருந்த இடத்துக்கு. அண்ணாச்சியும் இருந்தார், பக்கத்து டீக்கடையில் நாலு லாரிக்காரர்களும் இருந்தார்கள். பிளக்கைக் கழற்றினார். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஜெட்டைக் கழற்றிப் பையிலிருந்த ஊசியை வைத்துப் பார்த்தார். நுனிகூட நுழையவில்லை. ஆள் அனுப்பி இனிகோவைக் கூட்டிவந்தார்.

இனிகோ ஜெட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "அண்ணாச்சிதான் கொண்டாந்தாவ. முத்துத் துளையவிடப் பொடிசாக் கேட்டாவ, போட்டுக் குடுத்தேன்" என்றார்.

அண்ணாச்சியின் முகம் செத்துப்போயிற்று. பெருமாளைத் தனியே கூப்பிட்டு, நடந்தது நடந்துவிட்டது, வால்வைப் போட்டுக் கொடு, கேட்ட கூலி தருகிறேன் என்று குழைந்தார். யுத்தத்தில் புது வால்வுக்கு எங்கே போவது? பழைய லாரி வால்வைக் கடைந்து இதற்குப் பொருத்த அந்த ஊரில் பெருமாள் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

உண்மையைக் கேட்டது நாலு பேர். அண்ணாச்சி சொல்லிவைத்தது நாற்பது பேரிடம்.

"எந்தெந்த வாசல்ல போய் எம் பேரைக் கெடுத்தீரோ, அந்தந்த வாசல்ல போய் உம்ம வாயாலேயே மாத்திச் சொல்லிட்டு வாரும். பொறவு வால்வைத் தொடுதேன்" என்றார் பெருமாள்.

அண்ணாச்சி போகவில்லை. கௌரவம் விடுமா? விஷயம் வாய்க்கு வாய் பரவி, லாரிக்காரர்கள் ஒவ்வொருத்தராகக் கொட்டகைக்குத் திரும்ப ஆறு மாதம் ஆயிற்று. அந்த ஆறு மாதமும் வீட்டில் அரை வயிறுதான். அதைப் பெருமாள் கடைசிவரை மன்னிக்கவில்லை. பஸ் யுத்தம் முடிகிறவரை நின்ற இடத்திலேயே நின்றது, உள்ளே கோழி அடைந்தது. அதைக் காட்டி யாராவது பேச்செடுத்தால் பெருமாள் சிரிக்காமல் சொல்வார்:

"அண்ணாச்சி கேட்டது கிடைச்சிட்டுல்லா. இப்பம் ஒரு சொட்டு பெட்ரோல் குடிக்கல பாரும்."