பதில் வாங்கித் தந்த பேனா

கண்டியில் நான் வேலை பார்த்த பேனாக் கடைக்குக் கோப்பிக்கொட்டை மணக்கும் கம்பளியோடு ஒரு வண்டிக்காரர் வந்தார். பேனாப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே விரல் விட்டுப் பார்த்து, நடுவில் தடுப்பு வைத்த தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

அவருக்கு எழுதத் தெரியாது. வழியில் எழுத்துத் தெரிந்த யாரைக் கண்டாலும் தன்னிடமுள்ள பேனாக்களில் ஒன்றை நீட்டி, ஊரிலிருக்கும் மகளுக்குக் கடிதம் எழுதச் சொல்வாராம்.

"தடுப்பு எதுக்குங்க?" என்றேன்.

மடியிலிருந்து ஒரு பழைய பேனாவை எடுத்துக் காட்டினார். "இந்தப் பேனாவுல எழுதின கடிதத்துக்கு மட்டுந்தாங்க பதில் வந்துச்சு. மத்ததோட கலந்துறக் கூடாது."

"அப்போ இதுலயே எழுதலாமே?"

"முனை தேஞ்சிருச்சுங்க."

புதுப் பேனா ஒன்றை வாங்கி என்னிடமே நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். அந்தப் புதுப் பேனாவைத் தடுப்புக்கு எந்தப் பக்கமும் வைக்காமல் காதில் செருகிக்கொண்டு, பனிக்குள் வண்டியை ஓட்டிப் போனார்.

பனி இறங்கும் நாட்களில், அந்தப் பேனா பெட்டியில் எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.